துண்டுக்குள்ள டயலு

வாங்க போட்டோகிராபர் சார். இப்படி இந்தச் சின்ன வெங்காய மூட்டை மேல ஒக்காருங்க. மூட்டைக்குச் சொந்தக்காரன் வந்து சத்தம் போட்டா நான் பாத்துக்கிறேன். உங்களத்தான் கைய காட்டுவேன்.

நடு ராத்திரியிலேர்ந்து உன்னத்தாம்ப்பா பாத்துக்கிட்டு இருக்கேன். லாரி வந்து நின்னுச்சு, நீ ஸ்கிரீனப் பாத்த. மூட்டை எறங்குச்சு, ஸ்கிரீனப் பாத்த. தக்காளிப் பெட்டிய அடுக்கித் தலையில வச்சிக்கிட்டு ஒருத்தன் 'வழி, வழி'ன்னு கத்திக்கிட்டே ஓடிவந்து உன்ன இடிச்சான் பாரு, அப்பவும் ஸ்கிரீனத்தான் பாத்த. நம்ம திருச்சி காந்தி மார்க்கெட்டுல ஒரே எடத்த இப்படி வச்ச கண்ணு வாங்காமப் பாக்குறது ரெண்டே பேரு. தராசு முள்ளப் பாத்த அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை, இப்ப நீ.

குடு அத. அட, கடிச்சுத் தின்ன மாட்டேன். நம்ம தராசுல வச்சுப் பாப்போம். ஒண்ணேகால் கிலோவுக்கு மேல காட்டுது. சரியாத்தான் இருக்கும். பாடி மட்டும் 675 கிராம், பேட்டரியும் கார்டும் போட்டா 765. இந்த 18-140 லென்ஸு 490. மிச்சம் உன் கழுத்து வாரும், மூணு மாசமாத் தொடைக்காத அழுக்கும். நம்ம தராசு பொய் சொல்லாது தம்பி, எப்பவாவது சொன்னாலும் வாங்க வர்றவங்ககிட்டதான் சொல்லும்.

என்ன முழிக்கிற? தலப்பாக் கட்டுன கெழவனுக்கு லென்ஸ் எடை எப்படித் தெரியும்னா? எங்க அக்கா வீட்டுக்காரரு பாலக்கரையில ஸ்டுடியோ வச்சிருந்தாரு. கல்யாணத்துக்குப் போனா பொட்டி தூக்குறது நான். யாஷிகா கேமரா, மேலேர்ந்து குனிஞ்சு பாக்கணும். மாப்பிள்ளை வலப்பக்கம் நகந்தா கண்ணாடியில எடப்பக்கம் போவாரு. ஒரு 120 ரோலுக்கு 12 படம். ரோல் தீந்து போனப்புறம் மேடையேறுற சித்தப்பாவுக்கு மச்சான் வெறும் ஃப்ளாஷ மட்டும் அடிச்சு அனுப்புவாரு. சித்தப்பாவும் சிரிச்சிட்டு மொய் எழுதப் போவாரு. இப்ப அந்த ஸ்டுடியோவ மருமகப் பையன் பாக்குறான். அவன்கிட்டயும் இதே நிக்கான் டி7200தான். ராத்திரி எனக்குத் தூக்கம் வராது, அவனுக்கு ஆல்பம் வேலை. அவன் கேமராவத் தொடைக்கிறப்ப கதை கேட்டுக் கேட்டுச் சேத்து வச்ச ஞானம் இது. ஓசியில வந்தது, ஓசியில தரேன்.

இந்த ஊருக்குப் பக்கத்துல மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கியா? அங்க தரகர் ரெண்டு பேரு எதுத்தாப்புல நிப்பாங்க. கை மேல துண்டு கெடக்கும். துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு விலை பேசுவாங்க. மேல மூஞ்சியப் பாத்தா மழை பெய்யுமா பெய்யாதான்னு பேசிக்கிட்டு இருப்பாங்க. கண்ணு மாட்டு மேல, வாயி மழை மேல, கை விலை மேல. உன் கேமராவச் செஞ்ச ஜப்பான்காரனும் அந்த மாதிரி ஆளுக்குத்தாம்ப்பா செஞ்சிருக்கான். கண்ணு வியூஃபைண்டருல இருக்கணும், மத்ததெல்லாம் வெரலு பாத்துக்கணும். நம்பாட்டி இரு, இந்தா என் துண்டு. உன் கையையும் கேமராவையும் சேத்து மூடிட்டேன். இப்ப ஷட்டர நூத்துல ஒண்ணுக்குக் கொண்டா பாப்போம்.

என்னடா தடவுற? பிள்ளையாருக்கு எண்ணெய் காப்பா சாத்துற?

சரி, சொல்றேன் கேளு. மூணு வெரலு இந்த ரப்பர் கிரிப்பச் சுத்திப் போகணும். ஆள்காட்டி வெரலு ஷட்டர் மேல. கட்டவெரலு தானா வந்து எங்க நிக்குது? பின் டயலு மேல. ஆள்காட்டி வெரல அப்படியே கீழ எறக்கு, முன் டயலு. 'எம்'ல வச்சா பின்னது ஷட்டருக்கு, முன்னது அப்பர்ச்சருக்கு. இந்த ரெண்டாவது டயலுக்குத்தான் நீ கூடக் காசு குடுத்த. டி3400 மாதிரி சின்ன கேமராவுல ஒரே டயலுதான். அதுல அப்பர்ச்சர மாத்தணும்னா ஒரு பட்டன அமுக்கிப் புடிச்சுக்கிட்டே டயலத் திருப்பணும். நீ அதை மிச்சப்படுத்தாம ரெண்டு டயலு கேமரா வாங்கி, அதைப் பச்சைக் கலரு 'ஆட்டோ'வுல வச்சிருக்க. மார்க்கெட்டுக்கு ஆட்டோவுல வந்த, படத்தையும் ஆட்டோவுலயே எடுக்குற. மீட்டர் போட்டு வாங்குனானா, இல்ல அங்கயும் கேட்டதக் குடுத்தியா?

அந்த ஆட்டோ பண்ண வேலை தெரியுமா? இருட்டுன்னு அதுவே முடிவு பண்ணி ஃப்ளாஷத் தூக்கிடுச்சு. கருவேப்பிலைக் கட்டு அவுத்துக்கிட்டிருந்த அக்கா மூஞ்சியில பளிச்சுன்னு அடிச்ச. அந்தம்மா கண்ணத் தொடைச்சிக்கிட்டுக் குடுத்த சில்லறையில எனக்கு அஞ்சு ரூவா கூட வந்துச்சு. அதனால உன் மேல எனக்குக் கோவமில்ல.

எடது கைக்கு வருவோம். நீ ரெண்டு கையாலயும் ரெண்டு ஓரத்தப் புடிச்சு, கைய நீட்டி, ஸ்கிரீன்ல பாத்து எடுக்குற. அது செல்போன் பழக்கம். லைவ் வியூல உன் கேமரா ஃபோகஸத் தேடித் தேடிப் புடிக்கும். முன்ன போவும், பின்ன வரும். அதுக்குள்ள மூட்டை தூக்குனவன் எறக்கி வச்சு, கூலி வாங்கி, டீயும் குடிச்சிட்டான். வியூஃபைண்டர் வழியா பாத்தா அதே கேமரா சட்டுன்னு புடிக்கும், அதுக்குன்னு தனி ஃபோகஸ் சென்சாரு கண்ணாடிக்குக் கீழ உக்காந்திருக்கு. 51 புள்ளி. அந்த 51-லயும் எதை வேணா எடுத்துக்கோன்னு கேமராகிட்ட விட்டா, பக்கத்துல இருக்குற முட்டைக்கோசப் புடிச்சிக்கிட்டு ஆளக் கலங்கலா விட்டுரும். ஒத்தப் புள்ளி வை. கட்டவெரலால நகத்தி மூஞ்சி மேல வை. எடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில இருக்கட்டும், முழங்கை விலாவுல ஒட்டட்டும். ஒண்ணேகால் கிலோ கனம் அப்ப உனக்கு ஒதவி பண்ணும், கை ஆடாது. லேசான கேமராதான் இருட்டுல ஆடும்.

ஜப்பான்காரன் எல்லாத்தையும் யோசிச்சுட்டான்னு நெனைக்காதே. பாரு, மேல எடப்பக்கம் மோடு டயலு, அதுக்கு நடுவுல ஒரு பூட்டு பட்டன். அதுக்குக் கீழ இன்னொரு டயலு, அதுக்கு இன்னொரு பூட்டு. பைக்குள்ள ஒராஞ்சு தானாத் திரும்பிடக் கூடாதுன்னு. நல்லதுதான். ஆனா ஐஎஸ்ஓ பட்டன எங்க கொண்டுபோய் வச்சிருக்கான்? ஸ்கிரீனுக்கு எடப்பக்கம். லென்ஸத் தாங்கிக்கிட்டிருக்குற எடது கையக் கழட்டி, பின்னாடி கொண்டுவந்து தடவித் தேடணும். இந்த மார்க்கெட்டுல ராத்திரியில நிமிஷத்துக்கு ஒரு தரம் மாத்த வேண்டியது அதுதான். எங்க மொதலாளிங்க கல்லாவக் கடைக்கு வெளிய வச்ச கதை. 2017-ல டி7500 விட்டப்ப புத்தி வந்து ஷட்டருக்குப் பக்கத்துல மேல தூக்கி வச்சாங்க. சந்தோஷப்படுறதுக்குள்ள ரெண்டு கார்டு போடுற எடத்துல ஒண்ண அடைச்சுட்டாங்க. ஒண்ணக் குடுத்து ஒண்ணப் புடுங்குறதுல நம்ம மண்டிக்காரங்க மட்டுந்தான் கெட்டிக்காரங்கன்னு நெனச்சிருந்தேன். உன்னுதுல ரெண்டு எடம் இருக்கு. ரெண்டுலயும் ஒரே படம் விழுற மாதிரி வை. கல்யாணத்துல ஒரு கார்டு செத்துப் போனா, தாலிய மறுபடி கட்டக்கூட மாப்பிள்ளை சம்மதிப்பான். பந்திய மறுபடி போட மாமனார் சம்மதிக்க மாட்டாரு.

ஐஎஸ்ஓவுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. மெனுவுல 'ஈஸி ஐஎஸ்ஓ'ன்னு ஒண்ணு. அத ஆன் பண்ணிட்டு 'ஏ' மோடுல வச்சா, சும்மா கெடக்குற பின் டயலு ஐஎஸ்ஓவ மாத்தும். அப்பர்ச்சர முன் டயலு பாத்துக்கும். எல்லாம் துண்டுக்குள்ளயே முடிஞ்சுது. ஷட்டர் மட்டும் கேமரா கணக்கு, அது எங்க போய் நிக்குதுன்னு வியூஃபைண்டருக்கு அடியில ஓரக்கண்ணால பாத்துக்க. எறங்கிப் போச்சுன்னா ஐஎஸ்ஓவ ஏத்து. 3200, 6400-க்கெல்லாம் பயப்படாதே. புள்ளி புள்ளியா வந்தா வரட்டும். ராத்திரி மார்க்கெட்டு படத்துல புள்ளி இருந்தா கொசுன்னு சொல்லிக்கலாம்.

இப்ப ஷட்டர நூத்துல ஒண்ணு கேட்டேனே, ஏன்னு நீ கேக்கவே இல்ல. அந்தப் படத்தக் காட்டு, நடுவுல ஆட்டோவ விட்டுட்டு ஆயிரத்துல ஒண்ணுல எடுத்தது. பாதிப் படத்துக்கு மேல இருட்டுப் பட்டை அடிச்சிருக்கா? கேமரா கெட்டுப் போச்சுன்னு மொகம் வெளுத்து நின்னியே. கெட்டது கேமரா இல்ல, வெளக்கு. நம்மூரு கரண்டு 50 ஹெர்ட்ஸ், வெளக்கு நொடிக்கு 100 தரம் மின்னி மங்குது. டியூப்லைட்டுலயும் மட்டமான எல்இடியிலயும் அது ஜாஸ்தி. கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். நூத்துல ஒண்ணு, இல்லாட்டி அம்பதுல ஒண்ணுன்னு வச்சா ஒரு முழுத் துடிப்பு உள்ள வந்துரும், பட்டை போயிரும். கேனான் 80டி-யிலயும் அந்த டி7500-லயும் துடிப்பு உச்சத்துல இருக்குறப்ப மட்டும் ஷட்டரத் தொறக்குற வசதி இருக்கு. உன்னுதுல போட்டோவுக்கு அது கெடையாது, நீதான் பாத்துக்கணும். நூத்துல ஒண்ணுல ஓடுறவன் கொஞ்சம் இழுத்தாப்புலதான் வருவான். வரட்டுமே. ஓடுறவன்தானே, சிலை வச்ச மாதிரி வந்தா அவனுக்கு யாரு கூலி குடுப்பா?

இனிமே சொல்றது கடைக்காரன் ரகசியம், வெளிய சொல்லிராத. தக்காளிக் கடைக்கு மேல செவப்புத் தார்ப்பாய் ஏன் கட்டியிருக்குன்னு நெனைக்கிற? வெயிலுக்கு மட்டும்னா நீலத்துலயும் விக்கிறானே. வெடிஞ்சு வெயில் ஏறுச்சுன்னா அந்தச் செவப்பு அப்படியே பழத்து மேல எறங்கும். பாதிக் காயெல்லாம் பழுத்துப் போயிரும், வாங்குறவங்க வீட்டுக்குப் போறவரைக்கும். இவ்வளவு கஷ்டப்பட்டு நாங்க பழுக்க வச்சா, உன் கேமரா 'ஆட்டோ வைட் பேலன்ஸ்'ன்னு ஒண்ணப் போட்டு, செவப்பு ஜாஸ்தியா இருக்கேன்னு அதுவா கொறைச்சு, எங்க தக்காளியக் காயாக்கி உலகத்துக்குக் காட்டுது. நல்லா இருப்பியாப்பா நீ? எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டு நேர்மையான கேமரான்னு பீத்திக்காத.

சரி, உனக்கு ஒரு வழி சொல்றேன். ஆட்டோவ விட்டுட்டு வெயில் குறிய வை, கண்ணு பாத்த செவப்பு ஏறக்குறைய அப்படியே வரும். உண்மைக் கலருதான் வேணும்னு அடம் புடிச்சா, அந்தத் தார்ப்பாய்க்குக் கீழயே ஒரு வெள்ளையக் காட்டி 'பிரிசெட்'ல பதிவு பண்ணிக்கலாம். என் வேட்டியக் காட்டிராத, அது வெள்ளையா இருந்தது போன தேர்தலுக்கு முன்னாடி. 'ரா' ஃபைலா எடுத்தா வீட்டுக்குப் போயி சாவகாசமா எந்தக் கலருக்கு வேணாலும் மாறிக்கலாம், கட்சி மாறுறவங்களுக்கு அதான் வசதி.

இன்னொண்ணு. பூ மார்க்கெட்டுப் பக்கம் அந்த மல்லிகைக் கூடைக்குத் தண்ணி தெளிக்கிறப்ப போய் நின்னியே. கேக்குறப்ப 'வெதர் சீல்டு'ன்னு இங்கிலீஷுல சொன்ன. மேலயும் பின்னாடியும் மெக்னீசியம் உலோகம், இடுக்குல எல்லாம் ரப்பரு, எல்லாம் வாஸ்தவந்தான். தூறலுக்குத் தாங்கும். செம்புத் தண்ணிக்குத் தாங்கும்னு யாரும் எழுதிக் குடுக்கல. லென்ஸு வாங்குறப்ப பொருத்துற எடத்துல ரப்பர் வளையம் இருக்கான்னு பாத்தியா? பாத்திருக்க மாட்ட, 24 மெகாபிக்சலப் பாத்திருப்ப. இங்க நின்னு லென்ஸ மாத்துற வேலையும் வேணாம். வெங்காயச் சருகு பறக்குற எடம் இது. உள்ள போன தூசி, நாளைக்கு ஸ்ரீரங்கத்துக்குப் போயி ராஜகோபுரத்த வானத்தோட எடுப்ப பாரு, எஃப்16-ல, அன்னிக்குக் காக்கா மாதிரி கோபுரத்தச் சுத்தி நிக்கும். அந்தக் கோபுரமே 236 அடி, 1987-லதான் கட்டி முடிச்சாங்க. கீழேர்ந்து அண்ணாந்து எடுத்தா பின்னாடி சாயுற மாதிரி வரும், தெரியுமில்ல? கொஞ்சம் தள்ளிப் போ. வியூஃபைண்டருல கட்டம் வரவைக்க மெனுவுல எடம் இருக்கு. கோபுரம் நேராத்தான் இருக்கு, நீதான் சாஞ்சிருக்க.

உன்ன மாதிரி இங்க கேமரா தூக்கிட்டு வந்தவங்கள்ல மூத்தவரு ஒருத்தரு இருக்காரு. காய் வாங்க வர்ற காலேஜ் வாத்தியார் ஒருத்தர் சொன்னாரு, பேரம் பேசிக்கிட்டே. லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு கேப்டன், மெட்ராஸ் மாகாண சர்க்காரோட போட்டோகிராபர். இந்த மார்க்கெட் கட்டடமே வர்றதுக்கு முன்னாடி, 1858-ல மலைக்கோட்டைய எடுத்திருக்காரு, ஸ்ரீரங்கத்தையும் எடுத்திருக்காரு. படம் இருக்குற அளவுக்கே பெரிய காகித நெகட்டிவ்வு, அதுக்கேத்த பெரிய பொட்டி, சாமானெல்லாம் மாட்டு வண்டியில. ஆளு நகந்தா படத்துல ஆவியாப் போயிருவான், அவ்வளவு நேரம் தொறந்து வைக்கணும். வானம் வெளுத்துப் போச்சுன்னா நெகட்டிவ் மேலயே தூரிகையால மேகம் போட்டு விட்டுருவாராம். நீ இப்ப செல்போன் ஆப்புல வானத்த மாத்துறதுக்கு அப்பவே தாத்தா பொறந்தாச்சு. 1859-ல சார்லஸ் ட்ரெவல்யன்னு புது கவர்னர் வந்தாரு. இதெல்லாம் ஆடம்பரம்னு வேலைய நிறுத்திப்புட்டாரு. உங்க வீட்டுல அப்பா என்ன சொல்றாரு? அதான் பாத்தேன், ட்ரெவல்யன் எல்லா வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரு.

அப்பா சொல்றது காசுக்கு. ஆனா உன் கூட்டாளிங்க வேற பாட்டுப் பாடுவாங்களே, 'இன்னும் இந்தக் கண்ணாடிப் பொட்டியா, மிர்ரர்லெஸ்ஸுக்குப் போ'ன்னு. தப்பில்ல. கேனான் இந்த ரகத்துல கடைசியா விட்டது 2019-ல 90டி. நிக்கானுக்கு அந்த டி7500. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் அந்தத் தெருவையே காலி பண்ணிட்டாங்க. எங்களையும் மதுரை ரோட்டுல கள்ளிக்குடியில புது வளாகம் கட்டிட்டு அங்க போங்கன்னாங்க. வெளிச்சம் இருக்கு, எடம் இருக்கு, லாரி திரும்ப வசதி இருக்குன்னாங்க. எல்லாம் இருந்துச்சு, வாங்குற ஆளு மட்டும் இங்கயே நின்னுட்டான். 2020-ல கொரோனாவுக்கு பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குத் தூக்கிட்டுப் போனாங்க, அதே வருஷம் திரும்பி வந்துட்டோம். கூட்டம் காலி பண்ற தெருவுல சாமான் மலிவு தம்பி. அதனாலதானே உனக்கு இது செகண்ட் ஹேண்டுல சல்லிசா கெடைச்சுது.

சல்லிசுன்னதும் ஞாபகம் வருது, வாங்குறப்ப பல்லப் புடிச்சுப் பாத்தியா? மாட்டுக்குப் பல்லு, இதுக்கு ஷட்டர் எண்ணிக்கை. எடுத்த ஒரு படத்தக் கம்ப்யூட்டர்ல போட்டா அதுக்குள்ளயே இதுவரைக்கும் எத்தனை தரம் அடிச்சிருக்குன்னு எழுதியிருக்கும். கம்பெனிக்காரன் ஒண்ணரை லட்சம் அடிக்குச் சோதிச்சதாச் சொல்றான். வித்தவன் 'வீட்டுக்குத்தாங்க வச்சிருந்தேன், கொழந்தைய மட்டும் எடுத்தேன்'னு சொல்லுவான். எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கு மேல இருந்தா, கொழந்தைக்கே கல்யாணம் ஆயிருக்கும். கட்டவெரலு படுற ரப்பர் ஊதி எழும்பியிருக்கா பாரு, இந்த ரகத்துக்கு அது வர்ற வியாதி. லென்ஸ வெளிச்சத்துல புடிச்சு உள்ள பாரு. காவேரிக் கரை ஈரத்துல பீரோவுக்குள்ள பூட்டி வச்ச லென்ஸுல பூஞ்சை வலை பின்னியிருக்கும். பாடிக்குள்ள மோட்டாரு இருக்குறதால பழைய லென்ஸும் இதுல ஃபோகஸ் ஆகும்னு மருமகன் சொல்லுவான், மச்சானோட பழைய 50 எம்எம் ஒண்ணு அவன்கிட்ட சும்மா கெடக்கு. கேட்டுப் பாக்கலாம். வாடகை கேப்பான், நான் சொன்னேன்னு சொல்லாத, கூடக் கேப்பான்.

வெடிய ஆரம்பிச்சுருச்சு, கெளம்பு. பேட்டரி தீந்துருமேன்னு அணைச்சு அணைச்சுப் போடாத, ஒரு சார்ஜுக்கு 1,110 படம்னு கணக்கு. தீர்றதே நீ ஸ்கிரீன மொறைக்கிறதாலதான். சத்தம் கேட்டு ஆளுங்க திரும்பிப் பாக்குறாங்கன்னா கீழ் டயல 'க்யூ'வுக்குத் திருப்பு, கண்ணாடி சத்தம் கொறையும்.

போறதுக்கு முன்னாடி அந்தக் கருவேப்பிலை அக்காவ இன்னொரு படம் எடு, ஃப்ளாஷ் இல்லாம, நூத்துல ஒண்ணுல. எடுத்துட்டு, பிரிண்ட் போட்டுக் கொண்டா. வாட்ஸ்அப்புல அனுப்புறேங்காத, அதுகிட்ட இருக்குறது பட்டன் போனு. பெரிய சைஸா போடு, 24 மெகாபிக்சல் வச்சிருக்கியே. அவங்க வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்துல மாட்ட ஆணி அடிச்சு வச்சிருக்கேன்னு நேத்தே சொல்லிச்சு, யாரும் எடுத்துத் தரலையாம். காசு கேக்காத. கேட்டாலும் கருவேப்பிலைதான் குடுக்கும்.